எட்டுக் குடம் தண்ணீர்

அந்த வருடம் சித்திரை பிறக்கும் முன்பே மடத்துக் கிணறு பாறையைத் தொட்டுவிட்டது.

மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். மேலே ஒரு சின்ன முருகன் கோயில். கோயிலுக்குப் பூக் கொடுப்பதற்காக மடத்தை ஒட்டி ஒரு நந்தவனம். மடத்தை நடத்தி வந்தவர் நாச்சியம்மை. அவருக்கு வயது முப்பத்தொன்பது. அவரிடம் சீடராக இருந்த அருணகிரிக்கு அறுபத்தொன்று. சீடர் குருவை ‘அம்மா’ என்பார். குரு சீடரை ‘ஐயா’ என்பார். பார்ப்பவர்களுக்கு அது விசித்திரமாகத் தெரியும். அவர்கள் இருவருக்கும் பழகிவிட்டது.

அருணகிரி மின்கம்பம் ஏறி வேலை பார்த்தவர். மனைவி இறந்த எட்டாவது மாதம் ஒரு துணிப்பையோடு அடிவாரத்துக்கு வந்தார். திரும்பிப் போகவில்லை.

“சம்சாரம் தவறிட்டா” என்று மட்டும் சொன்னார்.

நாச்சியம்மை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மண்வெட்டி இருக்கும் இடத்தைக் காட்டினார். அதோடு சரி. அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

கிணறு பாறையைத் தொட்ட அன்று காலை இருவரும் எட்டிப் பார்த்தார்கள். அடியில் ஊற்று கசிவது தெரிந்தது.

“ஒரு நாளைக்கு எவ்வளவு ஊறும்?” என்று நாச்சியம்மை கேட்டார்.

“பன்னிரண்டு குடம். அதுக்கு மேல சேறு.”

“குடிக்க, சமைக்க நாலு. மிச்சம் எட்டு. தோட்டத்துல எத்தனை செடி?”

“அறுபதும்மா.”

தண்ணீர் லாரி அந்தப் பாறைப் பாதையில் ஏறாது. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

“இன்னையிலிருந்து தோட்டம் உங்க பொறுப்பு, ஐயா. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். எது பட்டுப்போச்சுன்னு சாயங்காலம் சாயங்காலம் வந்து சொல்லுங்க.”

அருணகிரி யோசித்துப் பார்த்தார். எந்தச் செடிக்கும் ஓரவஞ்சனை செய்யக் கூடாது என்று முடிவு செய்தார். எட்டுக் குடத்தையும் செம்பு செம்பாக முகந்து, அறுபதுக்கும் சமமாக ஊற்றினார். ரோஜாவுக்கு ஒரு செம்பு, அரளிக்கும் ஒரு செம்பு. முதல் நான்கு நாளும் சாயங்காலம் போய், “எல்லாம் உயிரோட இருக்கும்மா” என்றார். நாச்சியம்மை தலையை மட்டும் அசைத்தார்.

ஐந்தாம் நாள், “கனகாம்பரம் மூணு போச்சு” என்றார்.

ஆறாம் நாள் இரண்டு ரோஜா, ஒரு நந்தியாவட்டை.

நாச்சியம்மை எழுந்து வந்தார். ஒரு குச்சியை எடுத்து, பட்டுப்போன ரோஜாவின் அடியில் குத்திக் கிளறினார். மேலே ஒரு விரற்கடை மண்தான் நனைந்திருந்தது. அதற்குக் கீழே மண் சுண்ணாம்பு போல வெளுத்துக் கிடந்தது. அந்த ஒரு விரற்கடை ஈரத்துக்குள் மயிரிழை போல வேர்கள் மேல்நோக்கி வந்து, கருகிக் கிடந்தன.

“இது ஏம்மா மேல வந்திருக்கு?”

“ஈரம் மேலதானே இருக்கு. தேடி வந்திருக்கு. உச்சி வெயில் பிடிச்சுக்கிச்சு.”

அருணகிரி குனிந்து ஒரு வேரைத் தொட்டார்; பொடிந்தது.

“நீங்க தண்ணி ஊத்தல, ஐயா. ஆசை காட்டியிருக்கீங்க.”

“அறுபதுக்கும் எட்டுக் குடத்தை வெச்சுக்கிட்டு நான் வேற என்ன செய்ய?”

“இருபது பிழைக்கும்.”

“எந்த இருபது?”

“அதை நீங்கதான் சொல்லணும்.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கும் தெரியாது” என்றார் நாச்சியம்மை. “ஆனா நாளைக்கு விடியறதுக்குள்ள சொல்லியாகணும்.”

அன்று மிச்சமிருந்த பொழுது முழுவதும் அருணகிரி தேங்காய் நார்க் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு செடிக்குச் செடி நடந்தார். ஒன்றில் கட்டுவார், அவிழ்ப்பார், அடுத்ததில் கட்டுவார். வெளிச்சம் போவதற்குள் இருபது செடிகளில் கயிறு இருந்தது. கடைசிக் கயிறு மதில் ஓரத்துக் குண்டுமல்லிக்கு. அது பழைய புதர். எதற்காக அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாளிலிருந்து வேலையே வேறு. ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் முழ ஆழத்துக்குக் குழி எடுத்து, அடியில் துளையிட்ட பழைய பானையைப் புதைத்தார். வெயில் ஏறும் முன் பானைகளை நிரப்பிவிடுவார். தண்ணீர் கீழே கசிந்து வேருக்குப் போகும். பானைக்கு மேல் மண்சட்டியைக் கவிழ்த்தார். அடியைச் சுற்றிச் சருகும் தென்னை மட்டையும் பரப்பினார். ரோஜாவுக்கு மேற்கு வெயில் படாமல் கீற்றுத் தடுப்பு. மொட்டு கண்டால் கிள்ளிவிடச் சொன்னார் நாச்சியம்மை.

“கோயிலுக்குப் பூ?”

“முருகனுக்கு வில்வம் போதும். இப்ப பூத்தா செடிக்கு மிச்சம் இருக்காது.”

கயிறு கட்டாத செடிகள் ஒவ்வொன்றாக வாடின. சாமந்தி ஒரே நாளில் தொங்கிவிட்டது. பவளமல்லி இலைகளை முழுவதும் உதிர்த்துவிட்டு நின்றது. அருணகிரி காலிக் குடத்தோடு மதிலைச் சுற்றிப் பின்வழியாகக் கிணற்றுக்குப் போக ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் நாச்சியம்மை அதைக் கவனித்தார்.

“ஏன் சுத்திப் போறீங்க?”

“அதுங்களைப் பார்க்க முடியலம்மா.”

“விட்டது நீங்க. பார்த்துக்கிட்டே போங்க.”

அதற்குப் பிறகு அருணகிரி நடுவழியாகவே நடந்தார். தினமும் சாயங்காலம் போய் நின்று, பட்டுப்போனவற்றின் பெயரைச் சொன்னார். கயிறு கட்டிய இருபதில்கூட மழை வரும்வரை தாங்கியவை பதினொன்றுதான். ஆனால் அது பின்னால் நடந்தது.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய நான்காம் நாள் காலை. அருணகிரி குடத்தோடு மதில் ஓரம் போனார். குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு மடத்துக்கு ஓடினார்.

“அம்மா! வந்து பாருங்கம்மா!”

ஒரு வாரமாக அந்தக் குண்டுமல்லி இலை பழுத்துக்கொண்டிருந்தது. அதுவும் போய்விடும் என்றுதான் அவர் நினைத்திருந்தார்; அதனால் அதில் வந்த அரும்புகளைக் கிள்ளவும் இல்லை. இன்றைக்கு இலையே தெரியாத அளவுக்கு மொட்டு. கிளைக்குக் கிளை, நுனிக்கு நுனி, வெள்ளை வெளேரென்று.

“ஒவ்வொண்ணும் எவ்வளவு பெரிசு பாருங்கம்மா! தேறிடுச்சு. நான் பயந்தே போயிட்டேன்.”

நாச்சியம்மை மொட்டைப் பார்க்கவில்லை. குனிந்து, அடித்தண்டை நகத்தால் கீறினார். பட்டைக்கு அடியில் பச்சை இல்லை. காய்ந்த கட்டையின் நிறம். இன்னும் கீழே சருகை விலக்கிக் கீறினார். அங்கும் அதேதான். தண்டைப் பிடித்து லேசாக அசைத்தார். புதர் முழுவதும் ஆடியது. மண்ணுக்குள் பிடிப்பே இல்லை.

“கரையான்” என்றார். “வேர் போயிடுச்சு.”

“இவ்வளவு பூக்கப்போகுதே?”

“அதனாலதான் பூக்குது, ஐயா. இனிமே கீழேயிருந்து எதுவும் வராதுன்னு தெரிஞ்சதும், தண்டுல இருக்கிறதை எல்லாம் வெளியில வெச்சிடும். இதுக்கு இனிமே தண்ணி வேண்டாம்.”

அருணகிரி புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சௌந்தரமும் இப்படித்தான் இருந்தா” என்றார்.

ஒன்றரை வருடத்தில் மனைவியின் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாச்சியம்மை நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“கிட்னி ரெண்டும் போயிடுச்சு. இனிமே ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். ரெண்டு மாசம் கட்டிலோட கிடந்தா. திடீர்னு ஒரு நாள் காலையில எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டா. தலை வாரிக்கிட்டா. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வெச்சுச் சிரிச்சுப் பேசினா. நான் தேறிட்டான்னு நினைச்சேன்.”

அவர் நிறுத்தினார்.

“அப்ப கடற்கரைப் பக்கம் புயல் அடிச்சு ஊரெல்லாம் கம்பம் சாஞ்சு கிடந்துச்சு. எல்லா ஊர் லைன்மேனையும் வரச் சொன்னாங்க. எனக்கு ரிடையர் ஆக ஒரு மாசம்தான். வீட்டுல நோயாளி இருக்கிறவங்க வர வேண்டாம்னு சொன்னாங்கம்மா. நான்தான் பேர் கொடுத்தேன். அவளும், ‘போயிட்டு வாங்க, பாவம் அங்க ஊரே இருட்டுல கிடக்குது’ன்னு சொன்னா. வாசல் வரைக்கும் வந்தா. நாலாம் நாள் கம்பத்து மேல நிக்கிறேன், கீழேயிருந்து கூப்பிட்டுச் சொல்றாங்க.”

கைகளைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

“உதவிக்குப் போனேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அது முழுசும் நிஜம் இல்லை. ரெண்டு மாசமா அந்த ரூமு, அந்த மருந்து வாசனை. அவ எழுந்து உட்கார்ந்ததும், அப்பாடா, ஒரு வாரம் வெளியில போயிட்டு வரலாம்னு இருந்துச்சு. அதுக்குத்தான் போனேன்.”

வெயில் மதிலைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

“அவ சிரிச்சுச் சிரிச்சு என்னை ஏமாத்திட்டாளாம்மா? அந்தச் சிரிப்பெல்லாம் பொய்யா?”

அவர் கீழே வைத்துவிட்டு ஓடிய குடத்தை நாச்சியம்மை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“இன்னைக்கு நீங்க எந்த வேலையும் பார்க்க வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் இதுகிட்டயே இருங்க.”

“மத்த செடிங்களுக்கு?”

“நான் ஊத்தறேன்.”

அருணகிரி அங்கேயே உட்கார்ந்திருந்தார். நிழல் மதிலுக்கடியில் ஒடுங்கியபோது அவரும் ஒடுங்கிக்கொண்டார். கிணற்றில் ராட்டினம் சத்தம் போடுவதும், நாச்சியம்மை குடத்தோடு போவதும் வருவதும் கேட்டது. மத்தியானம் ஒரு தடவை எழுந்து உதவலாம் என்று நினைத்தார். எழவில்லை. கொஞ்சம் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார் நாச்சியம்மை. பகல் முழுவதும் மொட்டுகள் இறுக மூடியபடியே இருந்தன. இரண்டு கிளைகளில் இலைகள் உதிர்ந்தன. அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்து காற்று கொஞ்சம் மாறியதும் கீழ்க்கிளையில் ஒரு மொட்டு விரிந்தது. பிறகு மேலே இரண்டு. அதன்பின் எது முதல், எது அடுத்தது என்று அவரால் தொடர முடியவில்லை. வாசனை மெதுவாக வந்து மதில் ஓரம் முழுவதும் நிறைந்தது. தண்ணீர் நன்றாக இருந்த வருடத்தில் பூத்த மல்லிக்கும் இதற்கும் அவரால் ஒரு வித்தியாசமும் சொல்ல முடியவில்லை.

நாச்சியம்மை வந்து நின்றார். முந்தானை நனைந்திருந்தது. இரண்டு உள்ளங்கையும் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன.

அருணகிரி நிமிராமலே சொன்னார்:

“பொய் இல்லைம்மா.”

“ம்.”

“நிஜமாத்தான் சிரிச்சிருக்கா.”

அருணகிரி கீழ்க்கிளைப் பூவை விரல் நுனியால் தொட்டார்.

“நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டேனே. அதுக்கு என்னம்மா செய்யறது?”

நாச்சியம்மை பூக்களைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“அதுக்கு ஒண்ணும் செய்ய முடியாதுங்க, ஐயா” என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் மண் தரையிலேயே உட்கார்ந்தார்.