மான்களைக் கொன்றவன்

எந்த ஆண்டு, எந்த நாடு என்பதெல்லாம் எல்லாருக்கும் மறந்துபோன ஒரு காலத்தில், மலையடிவாரத்தில் வீரகேது என்றொரு அரசர் ஆண்டுவந்தார். அவருக்கு ஒரே மகள், செங்கமலம். புள்ளிமான் குட்டி ஒன்றை மடியில் போட்டு வளர்த்த பெண் அவள். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அதற்குப் பிறகு அரசரின் கண்ணுக்கு எந்த மானைப் பார்த்தாலும் மகளாகவே தெரிந்தது.

அரண்மனைத் தோட்டத்தை ஒட்டியிருந்த காடு முழுவதையும் வளைத்து, மான் தாண்ட முடியாத உயரத்துக்கு மரவேலி போடச் சொன்னார். வேலிக்குள் இருந்த புலிகளையும் செந்நாய்களையும் தலைமை அமைச்சரான பிரதானி விருப்பராயர் ஒன்றுவிடாமல் வேட்டையாடித் தீர்த்து, அதற்காகப் பட்டமும் பெற்றார். பிறகு அரசாணை பிறந்தது. மான் போகும் வழியை யாரும் மறிக்கக் கூடாது, மான் மேயும் பயிரிலிருந்து யாரும் அதை விரட்டக் கூடாது, மீறினால் கை வெட்டப்படும்.

முதல் சில ஆண்டுகள் காடு கொள்ளாத அழகு. மாலையில் அரசர் மேல்மாடத்தில் நின்று மந்தை மந்தையாகப் போகும் மான்களைப் பார்ப்பார். இளவரசி ஆயிரமாகப் பிறந்து வந்திருக்கிறாள் என்று சபையோர் சொல்வார்கள். அரசர் தலையசைப்பார், சிரிக்க மாட்டார். சபையில் விகடம் சொல்லிப் பிழைத்த அம்பலத்தாடிக்கு அதுதான் பெரிய துக்கம். மகள் போன நாளிலிருந்து அவன் சொன்ன எதற்கும் அந்த முகம் மலர்ந்ததில்லை. சிரிக்க வைக்காத விகடகவிக்கு எதற்குச் சோறு என்று விருப்பராயர் அவன் காதுபடவே பேசினார்.

பிறகு ஒரு கோடையில் மான்கள் சாகத் தொடங்கின. ஓடைக்கரையில், பாறை இடுக்கில், வேலியோரத்தில் எங்கு பார்த்தாலும் உடல்கள். நாற்றம் மேல்மாடம் வரைக்கும் வந்தது. அரசரின் கோபம் தன் மேல் திரும்புமுன் விருப்பராயர் முந்திக்கொண்டார். வேலிக்குள் குடியிருக்கும் மலைக்குடியினர் நஞ்சு வைக்கிறார்கள் என்றார். அந்தக் குடியின் ஆண்கள் அத்தனை பேரையும் பிடித்துவந்து சிறையில் அடைத்தார்கள். அவர்களைக் கழுவேற்றச் சொல்ல அரசர் வாயெடுக்கும்போது, அம்பலத்தாடி எழுந்து நின்றான்.

"அரசே, செத்த மானைத் தின்ற காகங்களெல்லாம் கொழுத்துத் திரிகின்றன. மானுக்கு நஞ்சாக இருந்தது காகத்துக்கு மட்டும் மருந்தாகிவிட்டதா?"

விருப்பராயர் மெல்ல எழுந்து, விகடகவிக்கு இவ்வளவு தெரியும் என்றால் கொலைகாரனையும் தெரிந்திருக்க வேண்டும் என்றார். அமாவாசைக்குள் அவனை அரசர் முன் நிறுத்தட்டும், தவறினால் முதல் கழு இவனுக்கே ஆகட்டும் என்றார். அரசர் அப்படியே ஆகட்டும் என்றார்.

மறுநாள் அம்பலத்தாடி காட்டுக்குள் போனான். பின்னங்காலில் எழும்பி நின்றால் மானுக்கு எவ்வளவு எட்டுமோ, அந்த உயரம் வரைக்கும் ஒரு மரத்திலும் இலை இல்லை. பட்டையை உரித்துத் தின்ற மரங்கள் வெள்ளையாக நின்றன. தரையில் புல்லும் இல்லை, முளைத்து வரும் கன்றுச்செடியும் இல்லை. செத்துக் கிடந்த ஒரு பெட்டைமானின் வயிற்றைக் கத்தியால் கீறிப் பார்த்தான். உள்ளே பட்டைச் சக்கையும் மண்ணும் இருந்தன.

மலைக்குடியில் பெண்களும் பிள்ளைகளும் மட்டுமே இருந்தார்கள். ராகி விளைந்த சரிவுகளில் தாளின் அடிக்கட்டைகூட மிஞ்சவில்லை. மாதி என்ற பெண் குடிசை வாசலில் தன் சின்ன மகளைக் கிடத்தி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மசணன் சிறையில் இருந்தான். மகள் இறந்ததிலிருந்து சிரிக்காத அரசரின் விகடகவி தான் என்றும், எதற்காக வந்திருப்பதாகவும் அம்பலத்தாடி சொன்னான். மானைக் கொன்றது யார் என்று கேட்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

மாதி ஈ ஓட்டுவதை நிறுத்தவில்லை. "எங்க ஆளுக பெருகிப்போனா, ரெண்டு குடி மலை தாண்டிப் போயிரும் சாமி. அந்தப் பக்கம் காடு வெட்டிப் பிழைச்சுக்கும். இந்த மானுகளுக்குப் போக்கிடம் எங்க இருக்கு? போற வழியத்தான் அடைச்சுட்டாங்களே. தின்னப் புலியும் இல்ல, போக வழியும் இல்ல. குட்டி மேல குட்டி போட்டுச்சு. எங்க கொல்லையும் முடிஞ்சுபோச்சு."

அவன் கையில் இருந்த கட்டுச்சோற்றைக் கொடுத்தான். அவள் வாங்கிப் பிசைந்து குழந்தையின் வாயில் வைத்தாள். குழந்தைக்கு விழுங்கத் தெம்பில்லை.

அரண்மனைக்குத் திரும்பியதும், கொலைகாரன் மறுநாள் காலை தானாகவே தோட்டத்துக்கு வருவான், அரசரும் சபையும் அங்கே வந்து அமர வேண்டும் என்று அம்பலத்தாடி சொல்லி அனுப்பினான். பொழுது விடிந்ததும் ஆசனங்கள் போடப்பட்டன. அரசர் அமர்ந்தார். அம்பலத்தாடி ஒரு சம்மட்டியை எடுத்துக்கொண்டு போய், தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே இருந்த வேலியின் முளைகளைத் தட்டிக் கழற்றினான். பலகைகள் சாய்ந்தன.

முதலில் ஒரு மான் வந்து முகர்ந்தது. பிறகு காடே புரண்டு வந்தது போல வந்தன. வாழையைத் தின்றன, வெற்றிலைக் கொடிக்காலைத் தின்றன, இளவரசி வைத்த முல்லைப் பந்தலைக் கொடியோடு இழுத்துத் தின்றன. விருப்பராயர் காவலர்களைக் கூப்பிட்டார். அவர்கள் தடிகளை ஓங்கினார்கள். அம்பலத்தாடி பறையறைபவனின் குரலில் அரசாணையைச் சொல்ல ஆரம்பித்தான். மான் போகும் வழியை மறிப்பவன் கை, மேயும் மானை விரட்டுபவன் கை என்று அவன் சொல்லி முடிக்குமுன் தடிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

ஒரு கிழட்டு மான் விருப்பராயரிடம் வந்து, அவர் கழுத்திலிருந்த பூமாலையை மென்று தின்னத் தொடங்கியது. பிரதானி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சுவிடாமல் நின்றார். மாலையை முடித்துவிட்டு அது அவர் மேலாடையைச் சுவைத்தது.

அரசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சபையும் சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் காலடியில் ஒரு மான் முன்னங்கால் மடிந்து விழுந்தது. அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. முல்லைக்கொடி வாயில் அப்படியே இருந்தது. அதற்கு மேல் அது எழவில்லை.

அரசரின் சிரிப்பு நின்றது. "எங்கே கொலைகாரன்?"

"வந்துவிட்டான், அரசே. தங்கள் தோட்டத்தை ஒரு நாழிகையில் தின்று தீர்த்தவன் அவன்தான். பசி என்று பெயர். தங்கள் வேலிக்குள்தான் பிறந்து வளர்ந்தான். அவனை எந்தக் கழுவில் ஏற்றுவது என்று பிரதானியார் சொன்னால் ஏற்றிவிடலாம்."

அரசர் குனிந்து அந்த மானின் தலையைத் தொட்டார். தங்கள் அன்பு பெரிது, புல் அவ்வளவு பெரிதில்லை என்று அம்பலத்தாடி தாழ்ந்த குரலில் சொன்னான். வேலியைப் பிரிக்கவும், ஆணையை விலக்கவும், சிறையில் இருந்தவர்களை விடவும் அப்போதே உத்தரவாயிற்று. வேலி இல்லாவிட்டால் புலி மறுபடி வருமே என்று யாரோ இழுத்தார்கள். வரட்டும் என்றார் அரசர்.

பிறகு, "இவற்றில் எத்தனை பிழைக்கும்?" என்று கேட்டார்.

"காடு எத்தனைக்குச் சோறு போடுமோ அத்தனை, அரசே."

மற்றவை என்ன ஆகும் என்று அரசர் கேட்கவில்லை. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். அம்பலத்தாடி கும்பிட்டுவிட்டு, அதற்குப் பதிலாக வண்டி நிறைய ராகி வேண்டும் என்றான். கிடைத்தது.

விடுதலையான ஆண்களும் அம்பலத்தாடியும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினார்கள். வழியெல்லாம் மான்கள் விழுந்து கிடந்தன. மலைக்குடி சேர்ந்தபோது, மாதி குடிசைக்குப் பக்கத்தில் புதிதாக மூடிய ஒரு சின்னக் குழியருகே உட்கார்ந்திருந்தாள். மசணன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் அமர்ந்தான்.

நாக்கை நம்பிப் பிழைத்தவன் அம்பலத்தாடி. அன்று ராகி மூட்டை ஒன்றை இறக்கி அவள் முன்னால் வைத்தான்.

மாதி நிமிர்ந்து பார்த்தாள். "ராசா சிரிச்சாராய்யா?" என்று கேட்டாள்.

"சிரித்தார்."

சரி என்று தலையாட்டிவிட்டு, மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்ச அவள் மூட்டையை அவிழ்த்தாள்.