எலி தின்ற முதல் மீட்டர்

தப்பாக அளப்பதில் தன்னை மிஞ்சக் கொங்கு நாட்டில் ஆளே இல்லை என்று சர்வேயர் தெய்வசிகாமணி இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். மற்ற சர்வேயர்கள் நூல் பிசகாமல் அளந்த பெருமையைப் பேசுவார்கள். இவருக்கு அது பிடிக்காது. சரியாக அளந்த கதையை எவன் உட்கார்ந்து கேட்பான்? அதனால் செய்யாத தப்பையெல்லாம் செய்ததாகச் சொல்லி டீக்கடையைச் சிரிக்க வைப்பார். வினை என்னவென்றால், அன்று காலை அவர் நிஜமாகவே ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் செய்ததுதான்.

காங்கயத்துக்குத் தெற்கே ராக்கியண்ணனும் அவர் தங்கை பாவாயியும் பாகம் பிரித்துக்கொண்ட புன்செய்க் காடு அது. ரோட்டோரச் சர்வே கல்லிலிருந்து மேற்கே நூற்றிருபது மீட்டர் அண்ணனுக்கு, அதற்கு அப்பால் எல்லாம் தங்கைக்கு. பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது. இருபது நாள் முன்பு அதை அளந்து முளை அடித்துக் கொடுத்தவர் தெய்வசிகாமணி. முளைக்கு மேற்கே மூன்றடி தள்ளிப் பாவாயி போர் போட்டாள். எழுநூற்று நாற்பது அடியில் ரெண்டரை இஞ்சுத் தண்ணீர் பீய்ச்சியது. அதே காட்டில் அண்ணன் முன்னால் போட்ட மூன்று போரிலும் புழுதிதான் வந்திருந்தது.

இப்போது கல்லுக்கால் நட்டு வேலி போட வேண்டும், மறுபடி ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்று அழைத்திருந்தார்கள். தெய்வசிகாமணி புது டேப்போடு தனியாகவே அளந்தார். நூற்றிருபது மீட்டர் முளையைத் தாண்டியது, போரையும் தாண்டியது, இன்னும் பத்தடி மேற்கே போய்த்தான் நின்றது. போர் இருந்தது அண்ணன் நிலத்தில்.

காரணம் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இருபது நாள் முன்பு இழுத்த பழைய டேப்பின் முதல் மீட்டரை எலி தின்றிருந்தது. அப்படிப்பட்ட டேப்பை ஒன்று என்ற எண்ணில் பிடித்து அளந்தால் கடைசியில் ஒரு மீட்டர் கழிக்க வேண்டும். சர்வே படிக்க வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். முப்பது மீட்டர் டேப்பை நாலு தடவை இழுத்த தெய்வசிகாமணி ஒரு தடவைகூடக் கழிக்கவில்லை. அன்றைக்கு ராக்கியண்ணனுக்குக் கதை சொல்லும் மும்முரத்தில் இருந்தார்.

வெள்வேல மரத்தடியில் அண்ணனும் தங்கையும் காத்திருந்தார்கள். பாகப் பிரிவினைச் சண்டையில் ரெண்டு வருஷம் பேசாமல் இருந்து இப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"ஏனுங்க சர்வேயருங்க, மொளை சரியா இருக்குதுங்களா?" என்றாள் பாவாயி.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் முதலில் நாலு பெரிய தப்பைச் சொல்லி வைத்தால் இந்தப் பத்தடி சின்னதாகத் தெரியும் என்று அவர் புத்திக்குப் பட்டது.

"தப்புன்னு சொன்னா என்ற மொதத் தப்பத்தானுங்க சொல்லோணும்" என்று உட்கார்ந்தார். "அப்பெல்லாம் அளக்கறதுக்கு இரும்புச் சங்கிலிங்க. சித்திரை வெயில்ல ஒருத்தருக்கு மூணு ஏக்கராக் காட்டை அளக்கப் போனனுங்க. வெயில்ல சங்கிலி நீண்டு போச்சு. அளந்தா ஒண்ணே முக்கா ஏக்கராதான் வருது! காட்டுக்காரரு அழுவறாரு. மார்கழிப் பனியில மறுக்கா அளந்தேன். சங்கிலி சுருங்கிப் போயி அஞ்சேகால் ஏக்கரா வந்துருச்சு. வாங்கறதுன்னா சித்திரையில வாங்குங்க, விக்கறதுன்னா மார்கழியில வில்லுங்கன்னு யோசனை சொல்லிட்டு வந்தனுங்க."

"மழை பேஞ்சா சங்கிலி துருப்பிடிச்சு மொளைக்குமுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார் ராக்கியண்ணன்.

"அண்ணா, சும்மா இரு. போருக்கிட்ட என்னுங்க ஆச்சு?" என்றாள் பாவாயி.

"வர்றனுங்க்கா, அதுக்குத்தான் வர்றன். ரெண்டாவது தப்பு அதவிடப் பெருசு. தூரத்துல வெள்ளையா ஒரு எல்லைக் கல்லு தெரிஞ்சுது. அத வெச்சுக் கோடு போட்டேன். கிட்டப் போனாக் கல்லு அசை போடுதுங்க! படுத்திருந்த காங்கயம் காளை. வரைபடத்துல ஏத்தியாச்சு, இனி மாத்த முடியுமுங்களா? காளை எந்திரிச்சு நடந்துச்சு. கூடவே எல்லையும் நடந்துச்சு. பொழுதுக்குள்ள பக்கத்து ஊரு பஸ் ஸ்டாண்டு அந்தக் காட்டுக்குள்ள வந்துருச்சு. அடுத்த வாரம் காளையச் சந்தையில வித்துப்போட்டாங்க. வாங்குனவரு மேட்டூருக்காரரு."

"அப்ப நடுவுல இருக்கற ஈரோடு?" என்றார் ராக்கியண்ணன்.

"பூராவும் அந்தக் காட்டுக்காரருக்குத்தானுங்க! பாவம், வரி கட்டி மாளல. காளையத் திருப்பி வாங்கியாந்து பழைய எடத்துல படுக்க வெக்கறதுக்குள்ள எனக்கு மூச்சே போயிருச்சு. அப்பவும் தலைய வடக்க வெக்காமத் தெக்க வெச்சுப்போட்டேன். ரெண்டு சென்ட்டு கொறஞ்சிருச்சுங்க."

ராக்கியண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பாவாயி சிரிக்கவில்லை. இவர் தன் முகத்தைப் பார்க்காமல் பேசுவதை அவள் கவனித்துவிட்டாள். தெய்வசிகாமணி ஈரோட்டையே தூக்கிக் கொடுத்தாயிற்று, இன்னும் அந்தப் பத்தடி சின்னதாகவில்லை.

"அதெல்லாங்கூடச் சில்லறைங்க" என்று குரலை உயர்த்தினார். "ஒரு ஊரையே அளந்து முடிச்சுட்டு வரைபடத்தத் தலைகீழாப் புடிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன். கெழக்கெல்லாம் மேக்காப் போச்சு. விடிஞ்சு பாத்தா, சூரியன் கரட்டு மலைக்குப் பின்னால நின்னுட்டு வரவே மாட்டேங்குது. எந்தப் பக்கம் மொளைக்கறதுன்னு அதுக்குக் கொழப்பம். சேவல் ரெண்டுதரம் கூவிப்போட்டு வெக்கப்பட்டுப் படுத்துக்கிச்சு."

"அப்பறம் எப்படித்தானுங்க விடிஞ்சுது?" என்றார் ராக்கியண்ணன்.

"வி.ஏ.ஓ.வப் போயிப் பாக்கச் சொன்னனுங்க."

"யார? சேவலையா?"

"சூரியனைங்க! மனுக் குடுத்துது. பதினஞ்சு நாள் ஆகும்னாங்க. அதுவரைக்கும் ஊருல எல்லாரும் அரிக்கேன் வெளக்கு வெச்சுத்தான் பால் கறந்தாங்க. இத்தனைக்கும் காரணம் யாரு? இந்த முட்டாப்பய." தன் நெஞ்சிலேயே ஒரு குத்துக் குத்திக்கொண்டார்.

"சர்வேயருங்க" என்றாள் பாவாயி. "என்ற போரு எங்கிருக்குதுங்க?"

அதற்குமேல் அவரிடம் கதை இல்லை. பையிலிருந்து பழைய டேப்பை எடுத்து, கடித்துக் குதறிய முனையைக் காட்டினார். ஒரு டேப்புக்கு ஒரு மீட்டர், நாலு டேப்புக்கு நாலு மீட்டர் என்று மண்ணில் கோடு கிழித்துச் சொன்னார். "போரு உங்க அண்ணன் காட்டுல இருக்குதுங்க்கா. தப்பு என்றதுதான்."

பாவாயி மரத்தைப் பிடித்துக்கொண்டாள். நகையை வைத்துப் போட்ட போர். ஏழு மாடுகளுக்கு அந்தத் தண்ணீர்தான். அண்ணனை அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டு இல்லையென்று சொல்லிவிட்டால் திரும்பவும் பேச்சு நின்றுபோகும் என்ற பயம்.

ராக்கியண்ணன் போரைப் பார்த்தார். அந்தண்டை மூடி போட்டுக் கிடந்த தன் மூன்று வறண்ட குழிகளைப் பார்த்தார். தங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கதை நல்லாருந்துதுங்க. ஆனாக் கடைசிக் கதை சப்புன்னு போச்சு. காளை நடந்ததக்கூட நம்புனனுங்க. எலி தின்னுபோச்சுங்கறீங்க பாருங்க, அதத்தான் நம்ப முடியல."

"நெசமுங்க! இங்க பாருங்க, பல்லுப் பட்ட எடம்!"

ராக்கியண்ணன் தங்கை பக்கம் திரும்பினார். "பாப்பா, மொளை இருக்கற எடத்துலயே கல்லுக்கால் நட்டுக்கலாம். உன்ற போர்லருந்து என்ற மாட்டுத் தொட்டிக்கு ஒரு பைப்பு மட்டும் இழுத்து உடு."

பாவாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு பைப்பு இழுத்துடறண்ணா" என்றாள்.

சந்தோஷப்பட வேண்டிய மனிதர் தெய்வசிகாமணி. பட்டார்தான், ஆனால் கூடவே மானமும் போனது போலிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் உருப்படியாக ஒரு தப்புச் செய்திருக்கிறார், அதை ஒருத்தரும் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறார்கள். டேப்பைத் தூக்கிக்கொண்டு ராக்கியண்ணன் பின்னாலேயே ஓடினார்.

"சத்தியமாத் தப்புங்க! நாலு மீட்டருங்க! ஒருக்கா நம்புங்க!"

ராக்கியண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெப்படிங்க? உங்க வாயிலருந்து ஒரு நெசம் வந்துதுன்னு நான் ஊருக்குள்ள போயிச் சொன்னா, என்னையத்தானுங்க புளுகன்னு சொல்லுவாங்க."