மிச்சந்தின்னியின் மூன்று கதவுகள்

முன்னொரு காலத்தில், மலைகளுக்கு வாய் இருந்த காலத்தில், எதிரொலிமலை அடிவாரத்தில் ஓர் ஊர் இருந்தது. மலை எதைக் கேட்டாலும் திருப்பிச் சொல்லும். ஊராரும் அப்படியே. ஒருவர் சொன்னதை மற்றவர் ஒரு தரம் திருப்பிச் சொன்னால்தான் அங்கே மரியாதை. "சாப்பிட்டாச்சா?" என்றால், "சாப்பிட்டாச்சா?" என்று சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். அதற்குள் சோறு ஆறிவிடும், பாவம்.

மலைக் குகையில் மிச்சந்தின்னி என்றொரு பூதம். அது மூன்று இலக்கம் சொல்லும்; வந்தவர் பின்னால் மூன்று இலக்கம் சேர்க்க வேண்டும். அந்த எண்ணை முதல் கதவு ஏழால் வகுக்கும். வந்த விடையை இரண்டாம் கதவு பதினொன்றால் வகுக்கும். அதில் வந்ததை மூன்றாம் கதவு பதின்மூன்றால் வகுக்கும். எங்காவது மிச்சம் விழுந்தால் பூதம் அதைத் தின்றுவிடும். வந்தவர் மரப்பொம்மை ஆகிவிடுவார்.

அந்த ஊர்ச் சிறுமி கொன்றைமணியின் அண்ணன் கணக்கில் புலி என்று பீற்றிக்கொண்டு போனான். "திருப்பிச் சொல்ல நான் என்ன கிளிப்பிள்ளையா?" என்று மூளையைக் கசக்கி ஏதோ ஓர் எண்ணைச் சேர்த்தான். மிச்சம் விழுந்தது. மரக்கிளியாகிக் கதவின்மேல் உட்கார்ந்தான்.

தங்கை பதறி ஓடினாள். "எங்கண்ணனை விடு!"

"மூணு தரம் ஜெயிச்சா விடுறேன். தோத்தா நீயும் கிளிதான். நாலு, ஏழு, ரெண்டு!"

பயத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் பழக்கம் விடுமா? "நாலு, ஏழு, ரெண்டு" என்று மரியாதைக்குத் திருப்பிச் சொன்னாள். இனிமேல்தான் யோசிக்க வேண்டும் என்று நினைத்தாள்.

எண்ணோ கிளம்பிவிட்டது. 472472 முதல் கதவில் 67496 ஆனது. மிச்சம் இல்லை. இரண்டாம் கதவில் 6136. மிச்சம் இல்லை. மூன்றாம் கதவில் 472. மிச்சமே இல்லை! பூதம் சொன்ன எண் பூதத்தின் காலடியிலேயே வந்து விழுந்தது.

"குருட்டு அதிர்ஷ்டம்! ஒன்பது, பூஜ்யம், அஞ்சு!"

இந்த முறை அவள் வேண்டுமென்றே திருப்பிச் சொன்னாள். 905905 உள்ளே போனது, 905 திரும்பி வந்தது.

பூதத்துக்கு நல்ல பசி. ஆனால் பசியைவிட ஆச்சரியம் பெரிதாக இருந்தது. "மூணாவதா எண் சொல்ல மாட்டேன். ஏன் இப்படி ஆகுது? அதைச் சொல்லு."

"ஏன் இப்படி ஆகுது?" என்றாள் கொன்றைமணி. இது மரியாதைக்குச் சொன்னதல்ல, அவளுக்கும் தெரிந்தே ஆகவேண்டும். கதவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மண்ணில் விரலால் கீறினாள். ஏழு பதினொன்று எழுபத்தேழு. எழுபத்தேழைப் பதின்மூன்றால் பெருக்கினால்...

"ஆயிரத்தொண்ணு!" என்று கத்தினாள். "மூணு கதவும் சேர்ந்தா ஆயிரத்தொண்ணு, பூதமே! நீ சொல்ற எண்ணோட ஆயிரம் மடங்கு, கூடவே இன்னொரு மடங்கு. ரெண்டையும் கூட்டினா அதே எண் ரெண்டு தரம் வரும். நான் திருப்பிச் சொன்னதே அந்த ஆயிரத்தொரு மடங்குதான். உன் கதவுங்க அதை வகுத்து, நீ குடுத்ததை உனக்கே குடுக்குது!"

"அட!" என்றது பூதம். அந்த நொடியே மூன்று கதவும் பொடிப்பொடியாக உதிர்ந்தன. மரக்கிளி சிறகை உதறி அண்ணனாகி நின்றது.

"வீட்டுக்குப் போலாமா?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"வீட்டுக்குப் போலாமா?" என்று அண்ணன் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னான். அப்புறம்தான் "போலாம்" என்றான்.