தொடையிடுக்கில் நெறி கட்டிய கதை

அந்தக் காலத்தில் நண்டும் நத்தையும் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத கிருமியும் பேசும்; உடம்புக்குள் ஓடும் ரத்தமும் பேசும். மனித உடம்புக்குத் தோல் ஒன்றுதான் காவல். அதைத் தாண்டிவிட்டால் உள்ளே ஏனென்று கேட்க நாதி கிடையாது. கிருமி நேராக நெஞ்சுக்குப் போய்ச் சேரும். புண்பட்டவனுக்குக் காய்ச்சலும் வராது, வீக்கமும் வராது. மூன்றாம் நாள் பொட்டென்று போய்விடுவான்.

காத்தாயி நடவு நடுகிறவள். புருஷனை அப்படித்தான் பறிகொடுத்தாள். குதிகாலில் சின்னக் காயம், மூன்றே நாள். மிச்சம் இருந்தது ஏழு வயது மகள் சிந்தாமணி. அவளும் ஒரு நாள் வயலில் நத்தை ஓட்டை மிதித்துக் காலைக் கிழித்துக்கொண்டாள். நடவேண்டிய நாற்று இன்னும் பாதி கிடந்தது. காத்தாயி ஒரு பிடி சேற்றை அள்ளிக் காயத்தில் அப்பினாள். அந்த ஊரில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான்.

“எரியுதும்மா.”

“சோறு போடுற சேறுடி. கெடுதல் பண்ணாது” என்றாள் காத்தாயி.

சேற்றில் கிடந்த கிருமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நல்ல ஊரு! அன்னைக்குப் புருஷன் காலுல வச்சா, இன்னைக்கு மக காலுல வைக்கிறா” என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தது.

அதைக் கேட்ட காத்தாயி சேற்றை வழித்து எறிந்தாள், தண்ணீரை வாரி வாரி ஊற்றினாள். கிருமி அதற்குள் கணுக்காலைத் தாண்டியிருந்தது. பாவி, புருஷனையும் தன் கையாலேயே கொன்றிருக்கிறாள்!

மகளின் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். “ரத்தமே, அதை மறிச்சு நிறுத்தேன்!”

“எனக்கு ஓடத்தான் தெரியும். வழியில காவலுக்கு ஆளு ஏது?” என்றது மகளின் ரத்தம். “ஆளு வேணும்னா பெத்தவ தன் சதையக் குடுக்கணும். குடுத்தவ பொழைக்கமாட்டா.”

“எடுத்துக்க.”

“முழுசாக் கேளு. காவல்காரன் தீ மூட்டித்தான் சண்டை போடுவான். புள்ள கொதிப்பா. அவன் செத்துச் செத்துச் சீழா வழிவான். எப்பவும் ஜெயிப்பான்னும் சொல்ல முடியாது.”

“எடுத்துக்கன்னு சொல்றேன்ல!”

புளியங்கொட்டை அளவில் தன் சதையைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தாள். மகளின் தொடையிடுக்கில் இரண்டு, அக்குளில் இரண்டு, கழுத்தில் இரண்டு. கடைசித் துண்டைக் கொடுத்துவிட்டு வரப்பில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

தொடையிடுக்கில் கிருமி மறிக்கப்பட்டது. அந்த இடம் நெறி கட்டிக் கல்லாக வீங்கியது. சிந்தாமணி மூன்று நாள் அனலாகக் கொதித்தாள், “அம்மா, அம்மா” என்று அனத்தினாள். ஏனென்று கேட்க அம்மா இல்லை. நான்காம் நாள் வீக்கம் உடைந்து சீழ் வடிந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பிற்பாடு அவள் பெற்ற பிள்ளைகளுக்கும், அவர்கள் பெற்றவர்களுக்கும் அந்தக் காவல் உடம்போடு வந்தது.

அன்று முதல்தான் காலில் புண்பட்டால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது, உடம்பு கொதிக்கிறது; தாயை எரித்துப் பல வருஷம் ஆன கிழவனும் அந்தக் கொதிப்பில் “அம்மா” என்றே அனத்துகிறான்.