ஒரு பிடி புல்

ஏரிப் புறம்போக்கை வளைத்துக் கட்டிய அடுக்குமாடியில் புதுமனை புகுவிழா. முதலில் நுழைய வேண்டிய பசு, வாசற்படியைத் தாண்டாமல் நின்றுவிட்டது. கட்டடத்தைக் கட்டிய தணிகாசலத்துக்கு விருந்தாளிகள் முன்னால் மானம் போனது.

"அடிக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. நல்ல நேரம் முடியறதுக்குள்ள அதுவா உள்ள வரணும். இல்லேன்னா இனிமே எந்த விசேஷத்துக்கும் உன்னைக் கூப்பிட விடமாட்டேன்" என்றார் மாட்டுக்காரி எல்லம்மாவிடம்.

"அதுக்கென்ன சார், உங்க காம்பவுண்டுக்குள்ளேர்ந்து ஒரு பிடி புல்லு குடுங்க. பின்னாடியே வந்துரும்."

ஆட்கள் சுற்றிச் சுற்றித் தேடினார்கள். எங்கும் சிமெண்டுத் தரை. கடைசியில் வளாகத்துப் பூங்காவிலிருந்து பச்சையாக ஒரு துண்டைப் பிய்த்து வந்தார்கள். பசு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது பிளாஸ்டிக்.

விருந்தாளிகள் சிரித்தார்கள். எல்லம்மா சிரிக்கவில்லை. "போன வருசம் வரைக்கும் இங்கதான் சார் மேஞ்சுது" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தெருவுக்கு ஓட்டினாள். மேய்ச்சலுக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று மாட்டுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.