கரையின் உயரம்

"அம்மா, கணக்கு சரியா இருக்கு. மனசுதான் ஒப்பலை" என்றார் நல்லபெருமாள்.

பகவதியம்மை குனிந்து, வெள்ளரிக் கொடியை மணலிலிருந்து தூக்கிப் பிஞ்சு விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லபெருமாள் நகரத்துக்குத் தலைவர். ஆற்றின் மேற்குக் கரையில் நகரம். கிழக்கே, தாழ்ந்த மணலில் மணற்குடி. வெள்ளரி போட்டுப் பிழைக்கிற நாற்பது வீடுகள். அதில் ஒன்று பகவதியம்மையுடையது. வயதில் அவள் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் ஒரு விஷயம் பிடிபடாதபோது அவர் படகேறி அவளிடம்தான் வருவார். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை.

"என்ன கணக்கு?"

"ஐப்பசி வெள்ளத்துக்கு முந்தி எங்க கரையை ஆள் உயரத்துக்கு ஏத்தணும். ஏத்திட்டா நகரத்துக்குள்ள சொட்டுத் தண்ணி வராது. கடைத்தெரு, தறிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் தப்பிச்சிடும்."

"தண்ணி பிறகு எங்க போகும்?"

அவர் மணலைப் பார்த்தார்.

"இங்கதான் வரும்."

"எவ்வளவு?"

"கூரை முங்கும்."

அவள் கொடியைப் பழையபடி படுக்கவைத்தாள்.

"கணக்கைச் சொல்லலையே அண்ணாச்சி."

"இங்க போறது ஒரு பங்குன்னா அங்க மிஞ்சுறது பத்துப் பங்கு. வெளியூர் ஆளை வச்சும் போட்டுப் பாத்தாச்சு. இங்க உள்ளவங்களுக்கு எல்லாத்துக்கும் ஈடு கொடுத்தாக்கூட நகரத்துக்கு லாபம்தான்."

"என் வீட்டையும் சேத்துத்தானே?"

"சேத்துத்தான்."

"கோழியை?"

"கோழி தனி, குஞ்சு தனி."

"என்னை?"

நல்லபெருமாள் துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஆளுக்கு என்ன போடுவது என்று நகரச் சபையில் ஏற்கெனவே ஒரு பகல் முழுக்கப் பேச்சு நடந்திருந்தது. மணற்குடிக்காரர்கள் எல்லாரும் நீந்தத் தெரிந்தவர்கள் என்று கடைசியில் யாரோ சொன்னார்கள். அதோடு விட்டுவிட்டார்கள்.

"கணக்கு சரிதான்" என்றாள் பகவதியம்மை. "கரையை ஏத்துங்க."

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால், சபையில் போய் அதைச் சொல்லியிருக்கலாம். அழுதிருந்தால் இன்னும் நல்லது.

"நிசமாத்தான் சொல்றீங்களா அம்மா?"

"பத்து பெருசா, ஒண்ணு பெருசா?"

"பத்துதான்."

"பிறகென்ன. படகுக்காரர் எவ்வளவு நேரம் காத்துக் கிடப்பார்? கிளம்புங்க."

சபை மறுபடியும் கூடியது. ஜவுளிக்கடை ஆறுமுகநயினார்தான் எழுந்து நின்று பேசினார்.

"ஆள் உயரம் போதாது தலைவரே. அதுக்கு மேல இன்னும் ரெண்டு முழம் வைங்க. போன வெள்ளத்துல சரக்கு வைக்கிற என் கிட்டங்கிக்குள்ள இடுப்பளவு தண்ணி. பட்டு வேட்டியெல்லாம் சாக்கா ஆயிட்டுது."

"மணற்குடிக்கு என்ன செய்யப் போறோம்?"

"கொடுப்போம். கொடுக்காம எங்க ஓடப் போறோம்? முதல்ல வெள்ளம் வந்து வடியட்டும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். நல்லபெருமாளும் ஆட்டினார்.

வேலை தொடங்கியது. வண்டி வண்டியாக மண் வந்து விழுந்தது. கரை முழங்கால் உயரத்துக்கு வந்தபோது புரட்டாசி பாதி போயிருந்தது.

அன்று காலையில் நல்லபெருமாள் வேப்பங்குச்சியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். தெருமுனையில் புழுதி கிளம்பியது. ஆட்கள் வந்தார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, கையில் ஆட்டுக் கயிறு. ஒரு கிழவரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். முன்னால் பகவதியம்மை.

அவர் குச்சியைத் துப்பினார்.

"என்னம்மா இது?"

"வந்துட்டோம் அண்ணாச்சி."

"வெள்ளம் இன்னும் வரலையே."

"வந்த பிறகு எப்படி வர? கூரை முங்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

"சரி, எங்க தங்குவீங்க?"

"அதை நீங்கதான் சொல்லணும். கரையை ஏத்தினா யார் யார் வீடு தப்பிக்கும்னு உங்களுக்குத்தானே தெரியும். அந்த வீட்டுக்கு ஒரு குடும்பம்."

நல்லபெருமாளின் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்துவிட்டு, "எத்தனை பேருக்கு உலை வைக்க?" என்று கேட்டாள்.

காவல்காரர்களைக் கூப்பிட்டால் அரை நாழிகையில் எல்லாரையும் படகேற்றி விடலாம். அப்படிச் செய்தால் நகரத்தில் ஒருத்தரும் குறை சொல்ல மாட்டார்கள். அவருக்கு அது தெரியும். பகவதியம்மைக்கும் தெரியும். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் வாயைக் கொப்பளித்தார். பிறகு வெளிக்கதவின் இரண்டாவது பலகையையும் திறந்துவிட்டார்.

"இங்க ரெண்டு குடும்பம் வைக்கலாம்" என்றார். "வாங்க, மத்த வீட்டையும் காட்டுறேன்."

ஆறுமுகநயினார் வீட்டுக்கு ஒன்பது பேரும் ஒரு கிடாவும் போனார்கள்.

"இது என்ன அநியாயம் தலைவரே?"

"கொடுப்போம்னு சபையில சொன்னது நீங்க."

"சொன்னேன். இன்னைக்கேன்னா சொன்னேன்?"

"என்னைக்குன்னும் சொல்லலையே."

"அடுத்த தலைவரைப் பாத்துக்கிட வேண்டியதுதான்" என்றார் நயினார்.

"பாருங்க. புதுத் தலைவர் வர்ற வரைக்கும் இவங்க இங்க இருக்கட்டும்."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கியபோது தன் குரல் நடுங்கவில்லை என்பதை நல்லபெருமாள் கவனித்தார். கணக்குப் போட்ட நாளிலிருந்து அவருக்கு அப்படி ஒரு குரல் வாய்த்ததில்லை.

மணற்குடிக்காரர்கள் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. கூட்டினார்கள், தண்ணீர் எடுத்தார்கள், கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் இருந்தார்கள். நயினார் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் சண்டை போட்டன. கிடா கொடியில் காய்ந்த புது வேட்டியின் கரையை மட்டும் தின்றது. நாற்காலிக் கிழவருக்கு இருமல். விடியும் வரைக்கும் இருமினார், நடுவில் நயினாரைக் கூப்பிட்டு, "தூங்கலையாப்பா?" என்று விசாரித்தார்.

ஐந்தாறு நாளில் நயினாரே சபையைக் கூட்டச் சொன்னார்.

"யோசிச்சுப் பாத்தேன் தலைவரே. ஆள் உயரம் கொஞ்சம் அதிகம்."

"போதாதுன்னு சொன்னீங்களே."

"அது நட்டப்பட்ட வேகத்துல சொன்னது. போன வெள்ளத்துல அப்படி என்ன வந்துட்டுது? கணுக்காலளவு தண்ணி. துணி மூட்டையைப் பரண்ல ஏத்திட்டா முடிஞ்சுது."

"இடுப்பளவுன்னு சொன்ன ஞாபகம்."

"உக்காந்து பாத்தா இடுப்பளவு."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. நயினார் வீட்டில் இருந்த மாதிரி அவரவர் வீட்டிலும் ஒரு குடும்பம் இருந்தது.

"அப்போ எவ்வளவு உயரம் வேணும்?"

"இப்போ கட்டியிருக்கிறது போதும்" என்றார் தறிக்கூடத்துக்காரர்.

"ஆஸ்பத்திரி?"

"அதைச் சுத்தி மட்டும் தனியா ஒரு சுவர் எழுப்பிக்கிடலாம்" என்றார் வைத்தியர். "அதுதான் செலவும் கம்மி. முதல்லயே எனக்கு ஒரு யோசனை இருந்துச்சு. யாரும் கேக்கலை."

நல்லபெருமாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முன்பு கூடிய அதே ஆட்கள். அதே ஆறு. அதே வெள்ளம். அவர் கையைத் தூக்கினார். எல்லாக் கையும் எழுந்தது.

வீட்டுக்கு வேகமாக நடந்தார். முற்றத்தில் பகவதியம்மை மூட்டையைக் கட்டி முடித்து, முடிச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சபை என்ன முடிவு பண்ணுச்சுன்னு கேக்கலையே அம்மா."

"நயினார் சம்சாரம் காலையிலேயே எங்க ஆளுங்களோட சட்டி பானையைக் கழுவிக் கவுத்து வாசல்ல வச்சுட்டா. தெரிஞ்சுக்கிட்டேன்."

"முழங்கால் உயரம்தான். மணற்குடி முங்காது."

"ம்."

"ஆனா தண்ணி வராம இருக்காதும்மா. வாசல் வரைக்கும் வரும்."

"எங்க வாசலுக்கா?"

"உங்க வாசலுக்கு. எங்க வாசலுக்கும்தான்."

அவள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ சேறு தள்ள நல்லதா ஒரு வெளக்குமாறு வாங்கி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள். "எங்ககிட்ட இருக்கு."