தண்ணீர் முறையை விட்டு ஓடியவன்

கேளுங்கள். கடலோரப் பட்டணங்களில் பாய்மரக் கப்பல்கள் நெருக்கியடித்து நின்ற காலம். அப்படி ஒரு துறைமுகத்தில் வெண்ணி என்று ஒருத்தி இருந்தாள். வியாபாரிகளுக்குள் சண்டை மூண்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பக்கமும் கேட்டு, இரண்டு பக்கமும் சிரிக்கும்படி முடித்துவைப்பாள். அவள் கணவன் சேந்தன் அதே துறையில் சங்கு அறுத்து வளையல் செய்பவன்.

சேந்தனின் சொந்தக் கிராமத்தில் அவன் அண்ணன் இறந்துபோனான். குடும்ப நிலத்தைப் பார்க்க ஆளில்லை. இருவரும் வண்டி கட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள்.

சேந்தனுக்கு உழவு மறந்தே போயிருந்தது. பயந்து பயந்து உழைத்தான். வெண்ணிக்கோ பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லை.

"கொஞ்ச நேரம் என்னோடு உட்காருங்கள்" என்றாள். "நாற்று காத்திருக்காது" என்று போய்விட்டான்.

"வயல் வேலையையாவது சொல்லிக் கொடுங்கள்" என்றாள். "களை காத்திருக்காது" என்று போய்விட்டான்.

"எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது" என்றாள் ஒரு காலையில். "தண்ணீர் காத்திருக்காது, வாய்க்காலில் இன்று நம் முறை" என்று மண்வெட்டியோடு போய்விட்டான்.

உப்பு விற்றுவிட்டுப் பட்டணம் திரும்பும் வண்டியில் வெண்ணி ஏறிவிட்டாள்.

வயலிலிருந்து சேந்தன் அதைப் பார்த்தான். இன்றைய முறை போனால் பயிர் கருகிவிடும். ஒரு கணம் திகைத்து நின்றான். பிறகு மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடினான்.

மூச்சிரைக்க ஓடி வண்டியைப் பிடித்தான்.

"எனக்குப் பயம், வெண்ணி" என்றான். "நிலத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். சொல்ல வெட்கம். அதனால்தான் உன் முகத்தையே பார்க்காமல் இருந்தேன்."

"இதைச் சொல்லவா இத்தனை நாள்?" அவள் கண் கலங்கியது. சட்டென்று கேட்டாள்: "தண்ணீர்?"

"பக்கத்து வயல்காரர் இந்நேரம் தன் வயலுக்குத் திருப்பியிருப்பார்."

வெண்ணி வண்டியிலிருந்து குதித்தாள்.

பக்கத்து வயல்காரர் காரி வாய்க்கால் கரையில் நின்றிருந்தார். "முறையை விட்டுப் போனவனுக்குத் தண்ணீர் ஏது?" என்றார். வெண்ணி வாதாடவில்லை. அவர் கஷ்டநஷ்டத்தை முதலில் விசாரித்தாள். மகன்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள், அறுப்புக்கு ஆளில்லை என்று புலம்பினார்.

"அறுப்புக்கு நாங்கள் இருவரும் வருகிறோம், ஐயா. மிச்சப் பொழுதுக்குத் தண்ணீரை எங்களுக்கு விடுங்கள்."

காரி கொஞ்சம் யோசித்தார். பிறகு தானே குனிந்து மடையை அவர்கள் வயல் பக்கம் திருப்பிவிட்டார்.

மேட்டுப் பக்கம் தண்ணீர் ஏறவில்லைதான். மீதி வயலெல்லாம் நனைந்தது. சேந்தன் சேற்றுக் காலோடு வரப்பில் உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டான். அவனைப் பார்த்து வெண்ணிக்குச் சிரிப்பு வந்தது. "எழுந்திருங்கள், பசிக்கிறது" என்று கை கொடுத்தாள்.

வாழ்க்கைத் துணையிடம் மறைத்துவைக்கும் பயம் வீட்டைப் பிரித்துவிடும், ஆகையால் அதை மனம்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.